வராத செலவுகளின் கணக்கு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் வரவுசெலவுப் புத்தகத்தில் 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை 'டேங்கர் தண்ணீர்' என்று ஒரு தலைப்பே கிடையாது. அந்த மாதம் 9ஆம் தேதி என் கையால்தான் அந்தத் தலைப்பை முதன்முதலாக எழுதினேன். ஜூன் மாதத்தில் மழை இறங்குவதற்குள் அதன் கீழ் 31 டேங்கர்களுக்கான ரசீதுகள் சேர்ந்துவிட்டன. கணக்குத் தணிக்கையிலேயே காலம் கழித்தவன் ஆதலால், புதிதாக ஒரு செலவு முளைத்தால் அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பது என் பழக்கம். இந்தச் செலவைத் தோண்டிக்கொண்டே போனபோது, அது எங்கள் கட்டடத்தின் பின்சுவருக்கு அப்பால் இருக்கும் காட்டில் போய் நின்றது.

நான் சேரன்மகாதேவிக்காரன். 1986இல் மும்பைக்கு வந்து, தாராவியில் சித்தப்பா வீட்டில் ஆறு ஆண்டுகளும், பிறகு சயானில் வாடகை வீட்டில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் இருந்துவிட்டு, 2003இல் முலுண்டு மேற்கில் மலையடிவாரத்தில் ஒரு வீடு வாங்கினேன். மொத்தம் 48 வீடுகள் உள்ள கட்டடம் அது. பின்சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில், போரிவலி நேஷனல் பார்க் என்று ஊரே சொல்லும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் கிழக்கு விளிம்பு தொடங்குகிறது. ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காட்டை மேற்கே போரிவலியும் கிழக்கே முலுண்டும் வடகிழக்கே தானேவும் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. வீட்டை விற்றவர், ஜன்னலைத் திறந்து காட்டி, 'காடு பார்த்த வீடு' என்று சதுர அடிக்குக் கூடுதல் விலை கேட்டார், நானும் கொடுத்தேன். அந்தக் கூடுதல் தொகையில் ஒரு பைசாவும் காட்டுக்குப் போகவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

2009இல் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். பின்முற்றம் அப்போது வெறும் மண்ணாக இருந்தது. மழைக்காலத்தில் மலையிலிருந்து வழியும் நீர், பின்சுவரின் அடியில் விட்டிருந்த ஓட்டைகள் வழியாக முற்றத்துக்குள் கசிந்து, சேறும் சருகுமாகக் கிடக்கும். எப்போதாவது ஒரு பாம்பும் கூடவே வரும். குழந்தைகள் விளையாட இடம் வேண்டும் என்றும், ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும் என்றும் எல்லோரும் கேட்டதால், 2011 மே மாதம் முற்றம் முழுவதும் கான்கிரீட் போட்டு, சுவரின் ஓட்டைகளையும் பூசி அடைத்தோம். தீர்மானத்தை முன்மொழிந்தவனே நான்தான். முற்றம் கழுவித் துடைத்த கூடம் போல ஆனபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஜூலையில் சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் பக்கவாட்டில் வழி தேடிப் பம்ப் அறைக்குள் புகுந்து இரண்டு மோட்டார்களை எரித்தது. அதைப் பேய்மழையின் தலையில் போட்டுவிட்டோம். அடுத்த ஏப்ரலில், முற்றத்தின் மூலையில் இருந்த எங்கள் கிணறு வற்றியது. குடிக்கவும் சமைக்கவும் மாநகராட்சித் தண்ணீர் வருகிறது என்றாலும், கழிப்பறைக்கும் படிக்கட்டு கழுவுவதற்கும் செடிகளுக்கும் அந்தக் கிணற்றை நம்பித்தான் இருந்தோம். அது வற்றியதும் டேங்கர் வந்தது.

எங்கள் மூன்றாவது மாடியில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குடியிருந்தார். மாநகராட்சியின் நீர்த்துறையில், எங்களுக்கு அடுத்த ஊரான பாண்டுப்பில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டேங்கர்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் அவர் வந்து, "தம்பி, கெணத்துல ஒரு குத்தமும் இல்ல. அதுக்குச் சோறு வர்ற வழியத்தான் சிமெண்ட் போட்டு அடைச்சிட்டிய" என்றார். "மேல காடு நிக்குதுல்லா அண்ணாச்சி, தண்ணி எப்படியும் வந்துராதா?" என்று கேட்டேன். "காடு குடுக்கும். வாங்குறதுக்கு நீங்க கைய நீட்டணும்லா?" என்றவர், என்னை அழைத்துப்போய்ச் சுவரின் மறுபுறம் காட்டினார்.

அன்று அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பையின் மழை ஏறத்தாழ முழுவதும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்த மலை, எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறை. அதன் உட்பகுதி தண்ணீரைப் பிடித்துவைக்காது. மேலே சிதைந்து பொடிந்து கிடக்கும் அடுக்கும் (இங்குள்ள கொத்தனார்கள் முரும் என்பார்கள்) பாறையின் விரிசல்களுமே நீர் தங்கும் இடங்கள். மொட்டைப் பாறையில் விழும் மழை நேரே சாக்கடைக்கும் அங்கிருந்து கடலுக்கும் ஓடிவிடும். மரம் நிற்கும் சரிவிலோ, இலைகளில் பட்டு வேகம் குறைந்து இறங்கும் துளியைச் சருகு மெத்தை ஏந்திக்கொள்கிறது. வேர்கள் துளைத்த வழியாக அது முரும் அடுக்குக்குள் இறங்கி, வாரங்களும் மாதங்களும் கழித்துக் கீழ்ச்சரிவில் கசிவாக வெளிவருகிறது. அந்தக் கசிவின் கடைசி முனையில்தான் எங்கள் கிணறு இருந்தது. காடு ஜூலை மாதத்துத் தண்ணீரை ஏப்ரல் மாதத்துக்குத் தள்ளிக்கொடுக்கும் வேலையைச் செய்கிறது. கணக்கு மொழியில் சொன்னால், வட்டி இல்லாமல் வைப்பு வைத்துக்கொள்கிறது. பொதிகை மலையின் காடுகள் இரு பருவமழைகளையும் வாங்கித் தேக்கிவைப்பதால்தான் தாமிரபரணி ஆண்டு முழுவதும் ஓடுகிறது என்பதைக் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் குளித்து வளர்ந்த நான் அறியாதவன் அல்லன். அறிந்தும், ஊர் மாறியவுடன் மறந்துவிட்டேன்.

அந்த மே மாதமே, போட்ட கான்கிரீட்டில் சுவரை ஒட்டிய எட்டடி அகலத்தை உடைத்து எடுத்தோம். அடைத்த ஓட்டைகளைத் திறந்தோம். ஆறடி ஆழத்தில் இரண்டு உறிஞ்சுகுழிகள் வெட்டி, அடியில் பெரிய கல், அதன்மேல் சிறு ஜல்லி, மேலே பருமணல் என்று நிரப்பினோம். இதில் நாங்கள் பட்டுக் கற்றவை சில உண்டு. மொட்டைமாடித் தண்ணீரைக் குழிக்குத் திருப்புவதாக இருந்தால் முதல் இரண்டு மூன்று மழைகளை வெளியே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டு முழுவதும் சேர்ந்த தூசியும் புறா எச்சமும் மணலை அடைத்துவிடும். மேல் மணலை ஒவ்வொரு மே மாதமும் வாரிக் கழுவிப் போட வேண்டும். ஓர் ஆண்டு செய்யாமல் விட்டோம், குழி தொட்டியாகிக் கொசு வளர்த்தது. சுவருக்கு அப்பால் ஓடும் நாலாவை (மழைநீர் ஓடையை) ஜூன் பிறப்பதற்கு முன் மாநகராட்சியிடம் எழுதிக்கொடுத்துத் தூர் வாரச் செய்ய வேண்டும்; வன எல்லைக்குள் நாமே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இவற்றுக்கு ஆன மொத்தச் செலவு, அந்த ஒரு கோடையின் டேங்கர் செலவைவிடக் குறைவுதான்.

2013இல் நான்கு டேங்கர்கள் வாங்கினோம். 2014இல் ஒன்றும் வாங்கவில்லை. இதில் மழையின் பங்கு எவ்வளவு, குழிகளின் பங்கு எவ்வளவு, காட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்து எழுத எந்தத் தணிக்கைக்காரனாலும் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் நான் அவருடைய மற்றக் கணக்குகளையும் சந்தேகப்படுவேன். ஆனால் அன்று முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், 'வராத செலவு' என்று பென்சிலால் ஒரு தலைப்பு எழுதி, தோன்றியதை எல்லாம் குறித்துவைக்கத் தொடங்கினேன்.

அதில் இரண்டாவதாக ஏறியது குழாய்த் தண்ணீர். மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளில் விகாரும் துளசியும் இந்தக் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. விகார் 1860இலும் துளசி 1879இலும் கட்டி முடிந்தவை. ஏழு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவில் இவ்விரண்டும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. காடு போனால் நாளையே மும்பை தாகத்தில் செத்துவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆயினும் மற்ற ஐந்து ஏரிகளும் காட்டின் தயவில்லாமல் நிற்கவில்லை. 1892இல் கட்டப்பட்ட தான்சா ஏரியைச் சுற்றி இருப்பது தான்சா வனவிலங்குச் சரணாலயம். பாத்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, மத்திய வைதர்ணா ஆகிய நான்கும் சகியாத்ரியின் (மேற்குத் தொடர்ச்சி மலையின்) சரிவுகளில் இறங்கும் மழையைத்தான் வாங்கிக்கொள்கின்றன. சரிவில் மரம் இருந்தால் மண் கரைந்து ஏரிக்குள் வருவது குறைகிறது. ஏரி தூர்ந்துபோகாமல் கொள்ளளவு நிற்கிறது. கலங்கல் குறைந்த நீரைத் தெளிய வைப்பதற்குப் படிகாரமும் குறைவாகப் போதும். "மழை பேய்ஞ்ச மறுநாள் தண்ணியோட நெறத்தப் பாத்தே மேல என்ன நடக்குதுன்னு சொல்லிருவோம்" என்பார் அண்ணாச்சி. நூற்று நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய துளசி ஏரி இன்றும் பெரும்பாலான மழைக்காலங்களில் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது.

2013 ஜனவரியில் அவர் என்னை இதே காட்டுக்குள் இருக்கும் கன்ஹேரிக் குகைகளுக்கு அழைத்துப்போனார். நான் அதுவரை அங்கே சிலைகளைப் பார்க்கத்தான் போயிருந்தேன். அவர் என்னைத் தரையைப் பார்க்கச் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து குடையப்பட்ட, நூற்றுக்கும் மேற்பட்ட அந்தக் குகைகளில் பெரும்பாலானவற்றின் வாசலருகே, பாறையில் ஒரு நீர்த்தொட்டி வெட்டப்பட்டிருக்கிறது. சரிவில் ஓடும் மழைநீரைத் தொட்டிக்கு இட்டுவரச் சிறு வாய்க்கால்களும் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. மழை நின்று மூன்று மாதம் ஆகியும் பல தொட்டிகளில் தண்ணீர் இருந்தது. அங்கே வாழ்ந்த பௌத்தத் துறவிகள் டேங்கருக்கு எழுதவில்லை.

தண்ணீர் கொடுக்கும் காடு சிறுத்தையையும் கொடுக்கும். 2014 டிசம்பரில் ஓர் இரவு, எங்கள் வாச்மேன் "பிப்ட்யா, பிப்ட்யா" என்று கூச்சலிட்டு மூன்று மாடிகளை எழுப்பிவிட்டார். கேமராப் பதிவில், பின்சுவர் ஏறி வந்த சிறுத்தை ஒன்று குப்பைத்தொட்டி அருகே படுத்திருந்த நாயைத் தூக்கிக்கொண்டு போனது தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் அவசரக் கூட்டம் நடந்தது. கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது தொலைவில் விடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும் என்று 40 பேர் கையெழுத்துப் போட்டார்கள். 41ஆவது கையெழுத்து என்னுடையது. இரண்டு பேத்திகள் உள்ள வீட்டில் இருந்துகொண்டு வேறு என்ன செய்வது?

மனுவைப் படித்த வன அலுவலர் எங்களைத் திட்டவில்லை. உட்கார வைத்துப் பேசினார். 2004ஆம் ஆண்டு இந்தக் காட்டைச் சுற்றிச் சிறுத்தைகள் மனிதரைத் தாக்கியது உச்சத்துக்குப் போனதையும், பிற இடங்களில் பிடிபட்ட சிறுத்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டதையும் அவர் சொன்னார். புணே மாவட்டத்து ஜுன்னரில் வன உயிரியலாளர் வித்யா ஆத்ரேயா செய்த ஆய்வும், பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுபோய் விட்ட இடங்களுக்கு அருகே தாக்குதல்கள் கூடியதைத்தான் காட்டியது. இடம் பழகிய சிறுத்தைக்கு எந்த வழியில் எப்போது ஆள் நடமாட்டம் இருக்கும் என்று தெரியும். அதை அகற்றினால் காலியாகும் இடத்துக்கு இடம் பழகாத இன்னொன்று வரும். "உங்கள் வாசலுக்குச் சிறுத்தையை அழைத்தது நாய், நாயை அழைத்தது உங்கள் குப்பை, முதலில் குப்பைக்கு மனுக் கொடுங்கள்" என்று மராத்தியில் அவர் சொன்னதும் எங்கள் செக்ரட்டரி மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் செய்தவை எளியவை. இரவில் வைக்கும் குப்பையைக் காலையில் மட்டும் வெளியே வைப்பது என்று மாற்றினோம். எச்சில் உணவை மூடியுள்ள தொட்டியில் பூட்டினோம். பின்பக்கம் நல்ல வெளிச்சமுள்ள விளக்கு இரண்டு போட்டு, புதரை வெட்டினோம். மரத்தின் மேல் கை வைக்கவில்லை, ஏனென்றால் சொந்த நிலத்து மரமானாலும் இங்கே மாநகராட்சி மரக்குழுவின் அனுமதி இல்லாமல் கிளையைக்கூட வெட்டக் கூடாது. இருட்டிய பிறகு குழந்தைகளைத் தனியே பின்பக்கம் விடுவதில்லை. நாமே போனாலும் செல்போனில் பாட்டை ஒலிக்கவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போவது. சிறுத்தை தென்பட்டால் கூட்டம் கூடித் துரத்தாமல், அது போக வழி விட்டு ஒதுங்கி நின்று, வனத்துறையின் 1926 என்ற எண்ணை அழைப்பது. அதன் பிறகு கேமராவில் சிறுத்தை வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வருகிறது, மோந்து பார்க்கிறது, போய்விடுகிறது.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி மகன் சொன்னபோது, என் பென்சில் பக்கத்தில் சேர்க்க இன்னொரு வரி கிடைத்தது. பூங்காவில் இருந்த ஏறத்தாழ 35 சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்பதாகவும், அதனால் ஆண்டுக்கு ஆயிரம் அளவில் நாய்க்கடிகள் நேராமல் போவதாகவும், 90 பேர் வரை வெறிநோய் அபாயத்திலிருந்து தப்பலாம் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டிருந்தது. அந்த மதிப்பீடு நூறு கூடக்குறைய இருக்கட்டும். நாய் கடித்து ஐந்து ஊசிக்கு அலைந்தவனுக்குத்தான் அதில் ஒன்று குறைவது என்றால் என்னவென்று தெரியும். சயானில் இருந்தபோது நான் அலைந்திருக்கிறேன்.

சுவரைப் பற்றி மறுபடியும் ஒரு பேச்சு வந்தது. சிறுத்தை ஏற முடியாதபடி அதைப் பதினைந்தடி உயர்த்தி, அடி ஓட்டைகளை மீண்டும் அடைக்க வேண்டும் என்று 2019இல் சில புதிய உறுப்பினர்கள் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 2 அதிகாலையில், இதே காட்டின் மேற்கு விளிம்பில், மலாடு பிம்பிரிபாடாவில், நீர்த்தேக்கத்தின் சுற்றுச்சுவர் கனமழையில் இடிந்து கீழே இருந்த குடிசைகள்மேல் விழுந்து முப்பது பேர் அளவில் மாண்டுபோனார்கள். மலைச்சரிவில் நிற்கும் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் அதன் எடை முழுவதும் சுவரின்மேல் சாயும் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தீர்மானம் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. மலையடிவாரத்தில் வீடு வாங்க நினைக்கும் தமிழர்கள் என்னிடம் கேட்டால், ஜன்னலைத் திறந்து காட்டைப் பார்ப்பதற்கு முன் பின்சுவரின் அடியைப் போய்ப் பாருங்கள், நீர் வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

காடு எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதை உறிஞ்சும் சருகு மெத்தை உலகில் எங்கும் இல்லை. அன்று நான் தென்மும்பையின் கோட்டைப் பகுதியில் இருந்த அலுவலகத்திலேயே இரவைக் கழித்து மறுநாள் மாலை வீடு சேர்ந்தேன். விகார், பவாய் ஏரிகளின் வழிநீரில் பிறக்கும் மித்தி ஆறு காட்டோரத்தில் ஓடையாகத்தான் கிளம்புகிறது. கீழே இரு கரையிலும் கட்டடங்கள் நெருக்கி, படுகையைக் குப்பையும் மண்ணும் தூர்த்து, கடலில் ஏற்றமும் சேர்ந்தபோதுதான் அது குர்லாவையும் கலினாவையும் மூழ்கடித்தது. தகிசர், போயிசர், ஓஷிவரா ஆறுகளும் இதே காட்டில் பிறப்பவை. மேலே காடு மழையை மெதுவாக்கி அனுப்பினாலும், கீழே நாம் விட்டுவைத்த இடம் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் மிச்சம். கிழக்கே ரயில் பாதையைத் தாண்டி, கழிமுகத்தில் நிற்கும் அலையாத்திக் காட்டுக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரைகளுக்கான சரணாலயமாகி, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பேத்திகள் பூநாரையைப் பார்க்கப் போகிறார்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கோளி அம்மா, நண்டு பெருகும் இடம் என்று அதைச் சொல்கிறாள்.

கணக்கில் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு வரியைச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் மழைக்குப் பிறகு, முலுண்டு ஸ்டேஷனுக்கு வெளியே வார்லிப் பழங்குடிப் பெண்கள் சாக்கை விரித்துக் காட்டுக் காய்கறிகளைக் குவித்திருப்பார்கள். என் மனைவிதான் முதலில் அடையாளம் கண்டாள். அவர்கள் 'டாக்ளா' என்று விற்றது எங்கள் ஊர் வரப்பில் முளைக்கும் தகரைக் கீரை. 'கண்டோளா' என்றது பழுபாகல். மே மாதத்தில் 'கர்வந்தா' என்று இலைத்தொன்னையில் விற்றது களாப்பழம். கிலோ கணக்கில் விலை பேசாமல் கூறு கூறாக விற்பார்கள். 'சேவ்ளா' என்ற, கருணைக்கிழங்கு இனத்துக் குருத்தை மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. மனைவி அதைக் கீரை போலப் பொரித்து வைத்ததில் வீடே தொண்டை அரிப்பில் தவித்தது. அடுத்த வாரம், அதை விற்ற மாவ்ஷி (மராத்தியில் சித்தி என்று அழைப்பது) சிரித்துக்கொண்டே, கூடவே விற்கும் 'காக்கட்' என்ற புளிப்புக் காயைக் காட்டி, இதைச் சேர்க்காமல் சமைக்கலாமா என்று கேட்டாள். எங்களுக்கும் கருணைக்குப் புளி ஊற்றத் தெரியும். தெரியாத காயைக் கண்டதும் அந்த அறிவு வேலை செய்யவில்லை.

அவள் வருவது ஷகாப்பூர் தாலுகாவிலிருந்து. விடியற்காலையில் ஆசன்காவில் லோக்கல் ரயில் ஏறி வருகிறாள். ஜூன், ஜூலை இரண்டு மாதக் காட்டுக்கீரை விற்பனையில்தான் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் சீருடையும் வாங்குவதாகச் சொன்னாள். தான்சாவும் பாத்சாவும் அதே தாலுகாவில் இருக்கின்றன. அவற்றின் தண்ணீர் அவள் ஊர்ப் பக்கத்தைத் தாண்டிக் குழாய் வழியே எங்கள் மூன்றாவது மாடிவரை வருகிறது. அவள் பாடாவிலோ (பழங்குடிக் குடியிருப்பிலோ) ஏப்ரல், மே மாதங்களில் பெண்கள் குடத்தோடு டேங்கருக்குக் காத்திருக்கிறார்கள். காட்டைக் காத்துக்கொண்டு இருப்பவர்களுக்குச் செலவும், தொலைவில் இருக்கும் எங்களுக்கு வரவும் என்று எழுதப்பட்ட கணக்கு எந்தத் தணிக்கையிலும் தேறாது. அன்று முதல் என் மனைவி அவளிடம் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அது பெரிய பரிகாரம் ஒன்றும் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

காட்டின் குளிர்ச்சியைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. சயானில் இருக்கும் மைத்துனர் வீட்டில் மார்ச் முதல் ஏசி ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஏப்ரல் கடைசிவரை மின்விசிறி போதும் என்பதை இரு வீட்டு மின்கட்டண ரசீதுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். 2016இலும் 2024இலும், எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் கார்வி, நம் குறிஞ்சியின் உறவுக்காரச் செடி, மலை முழுவதும் ஊதா நிறத்தில் பூத்தது. அதைப் பார்க்க வந்த கூட்டத்தில் முதல் தடவை அண்ணாச்சியும் என்னோடு இருந்தார். இரண்டாம் தடவை இல்லை.

2021இல் பொருளாளர் பொறுப்பை, ஐந்தாவது மாடியில் இருக்கும் இளம் குஜராத்திப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். பட்டயக் கணக்காளர். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்துப் பென்சில் எழுத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். தமிழில் எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாக இந்தியில் சொல்லிக் காட்டினேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தன் கணினியில் ஒரு தனிப் பக்கம் திறந்து ஏற்றிக்கொண்டார். 2025 ஏப்ரலில் மும்பையின் டேங்கர்காரர்கள் சில நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பக்கத்து சொசைட்டிகளில் வாளி வரிசை நின்றது. எங்கள் கிணற்றில் அன்று பத்தடித் தண்ணீர் இருந்தது. அந்தத் தேதியையும் அவர் அதில் குறித்துவைத்தார்.

இப்போது பின்முற்றத்தில் ஒன்பது கார்கள் நிறுத்துவதற்காக, உடைத்தெடுத்த எட்டடிப் பட்டையில் மீண்டும் கல் பாவ வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். விண்ணப்பத்தின் நகலோடு, 2012ஆம் ஆண்டின் 31 டேங்கர் ரசீதுகளையும் படியெடுத்து, 48 வீடுகளுக்கும் புதிய பொருளாளர் அனுப்பியிருக்கிறார்.